மோட்டார் போட நல்ல நேரம் எது?

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்கில் நாடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்குகளை அணைத்துவிட்டு அகல் ஏற்றும்படி பிரதமர் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசி எதையும் தொட வேண்டாம், விளக்கை மட்டும் அணைத்தால் போதும் என்று அரசுத் தரப்பில் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். வீட்டு விளக்குதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது?

நாட்டின் மின்தொகுப்பை நடத்தும் பொறியாளர்கள் அப்படி நினைக்கவில்லை. 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை தேவை குறையும் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தயாராக இருந்தார்கள். அவர்கள் கணக்கையும் தாண்டிவிட்டது. 8.49 மணிக்கு 1,17,300 மெகாவாட்டாக இருந்த தேவை 9.09 மணிக்கு 85,300 மெகாவாட்டுக்கு இறங்கியது. இருபதே நிமிடத்தில் 32,000 மெகாவாட். தமிழ்நாடு இதுவரை கண்ட பெரிய மின்தேவைகளில் ஒன்றான 20,830 மெகாவாட்டைப் போல (2024 மே 2) ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே முழு வேகத்தில் ஓடவிட்டு, அனல்மின் நிலையங்களை அடக்கி வைத்திருந்ததால் நாடு தப்பித்தது. தண்ணீரின் மதகைத்தான் சட்டென்று மூட முடியும். அதை ஒட்டிய இருபத்தைந்து நிமிடத்தில் நீர்மின் உற்பத்தி மட்டும் 25,559 மெகாவாட்டிலிருந்து 8,016 மெகாவாட்டுக்குக் குறைக்கப்பட்டது.

அந்த இரவின் அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். மின்பொறியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வீட்டுச் சுவரில் இருக்கும் ஸ்விட்ச், தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கோடிக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் அதைத் தட்டினால் அது ஒரு மாநிலத்தின் மின்தேவையைவிடப் பெரியது. நாம் தினமும் மாலையில் செய்வதும் அதேதான். அன்று அணைத்தோம், மற்ற நாள்களில் போடுகிறோம். அதற்கு யாரும் அறிவிப்புக் கொடுப்பதில்லை.

மின்சாரத்தின் சிக்கல் அது கிடங்கில் இருக்கும் சரக்கு இல்லை என்பதுதான். மேட்டூரிலோ நெய்வேலியிலோ இந்த விநாடி உற்பத்தியாவதை இந்த விநாடியே யாராவது எங்காவது செலவழித்தாக வேண்டும். இந்த வரவு செலவு சரியாக இருக்கிறதா என்பதைக் காட்டும் அளவுகோல் அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். அனல்மின் நிலையத்தின் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். தேவை திடீரென்று கூடினால், எடை ஏற்றிய வண்டி மேட்டில் திணறுவதுபோல், நாடு முழுவதும் உள்ள டர்பைன்கள் ஒரு துளி மெதுவாகும், அதிர்வெண் இறங்கும். தேவை குறைந்தால் ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. கீழே போய்க்கொண்டே இருந்தால் எந்திரங்களைக் காப்பாற்ற நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா, கிழக்கு, வடகிழக்கு என்று பாதி நாடு இருளில் மூழ்கியது. அந்தச் சரிவின் பின்னணியில், தங்கள் பங்குக்கு மேல் மாநிலங்கள் இழுத்த மின்சாரமும் இருந்தது. தென்மாநிலங்கள் அப்போது தப்பியதற்குக் காரணம், தெற்கு மின்தொகுப்பு அன்று வடக்கோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்திருக்கவில்லை. அந்த இணைப்பு 2013 டிசம்பர் கடைசியில்தான் வந்தது.

ஆகவே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு ‘இந்த மாதம் எத்தனை யூனிட்’ என்பது இரண்டாவது கேள்வி. ‘இந்தக் கால் மணி நேரத்தில் எத்தனை மெகாவாட்’ என்பதுதான் முதல் கேள்வி. மின்சந்தையில் ஒரு நாள் என்பது 24 மணி நேரமல்ல, 96 கால்மணித் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லில் மட்டும் எல்லாத் துண்டுகளும் ஒரே விலையில் கலந்து கிடக்கின்றன.

அந்த விலை எப்படி உருவாகிறது? தேவை ஏற ஏற, மலிவான நிலையத்தில் தொடங்கி விலை கூடிய நிலையத்தை நோக்கி ஒவ்வொன்றாக அழைப்பார்கள். முதலில் காற்றும் சூரியனும். அவற்றுக்கு எரிபொருள் செலவு கிடையாது. பிறகு அணு, சுரங்கத்தை ஒட்டிய அனல், தூரத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் அனல். கடைசியில் எரிவாயு, சந்தையில் அவசரத்துக்கு வாங்கும் மின்சாரம். தீபாவளிக்கு முந்தைய மூன்று நாள் கூட்டத்துக்காகவே போக்குவரத்துக் கழகம் பேருந்து வாங்கி வைத்து, மீதி நாள்களில் டெப்போவில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? உச்சநேரத்துக்காகக் கட்டும் மின்நிலையத்தின் கதை அதுதான். கடன், வட்டி, ஊழியர் சம்பளம் எல்லாம் 24 மணி நேரமும் ஓடும். உற்பத்தி நாலு மணி நேரம்தான். அந்தச் செலவு எல்லோருடைய பில்லிலும் வந்து சேரும், மாலையில் மோட்டார் போடாதவர் பில்லிலும் சேர்த்து.

இந்திய மின்சந்தையில் ஒரு யூனிட்டின் விலைக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கோடையில் பல நாள் மாலை விலை அந்த வரம்பில் போய் முட்டி நிற்கும். அதே நாள் நண்பகலில் அது இரண்டு, மூன்று ரூபாய்க்கும் கீழே கிடக்கும். 2025 மே மாதத்தில் கோடை மழை பெய்து தேவை சரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் விலை பூஜ்யத்தையே தொட்டது. பகலில் வாங்க ஆளில்லாத சரக்கு, மாலையில் கைக்கு எட்டாத விலை.

இதற்குக் காரணம் சூரிய ஒளி மின்சாரம். 2025 ஜனவரியில் இந்தியாவின் சூரிய மின்நிறுவுதிறன் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. மதியம் அது கொட்டோ கொட்டென்று கொட்டும். அந்த நேரத்தில் அனல்மின் நிலையங்களைக் குறைக்கச் சொன்னால், அவை 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தயங்கும். கொதிகலனை ஒருமுறை முழுக்க அணைத்துவிட்டால், திரும்பச் சூடேற்றி ஓட்டப் பல மணி நேரம் ஆகும். மாலை நாலரைக்குச் சூரியன் சாயத் தொடங்கும். ஆறரைக்குள் அத்தனையும் போய்விடும். சரியாக அதே நேரத்தில்தான் வீட்டில் விளக்கு, டி.வி., மிக்ஸி, ஏசி எல்லாம் விழித்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் இறக்கம், மறுபக்கம் ஏற்றம். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, அனலும் நீரும் இரண்டு மணி நேரத்தில் மலையேற வேண்டும். கலிஃபோர்னியாவின் மின்தொகுப்பு நிர்வாகம் 2013-ல் இந்த வளைவை வரைபடமாகப் போட்டுக் காட்டியபோது அது ஒரு வாத்தின் உருவத்தில் இருந்தது. மதியத்தில் தொங்கும் வயிறு, மாலையில் நிமிரும் கழுத்து. ‘வாத்து வளைவு’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

இலங்கையில் அந்த வாத்தின் வயிறு கிட்டத்தட்ட தரையைத் தட்டியது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாடு அது. மூன்றே ஆண்டுகளில், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் பகல் 3 மணி வரை அவற்றை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன. மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தட்டுப்பாடு மாறி மிச்சம் பிரச்சினையானது. அன்றும் மாலை ஏழு மணிக்கு அங்கே எரிபொருளை எரித்துத்தான் வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் இந்தக் கூத்து முழுதாகப் புரியும்.

ஏன் அந்த மதிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கக் கூடாது? சேமிக்கலாம். ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து அந்த வேலையைத்தான் செய்கிறது. மலையைக் குடைந்து உள்ளே 100 மெகாவாட் எந்திரங்கள் நான்கு. மின்சாரம் மிஞ்சும்போது, கீழே இருக்கும் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றும். தேவை கூடும்போது அதே தண்ணீரை இறக்கி டர்பைனைச் சுழற்றும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஏற்ற 100 யூனிட் செலவழித்தால், இறக்கும்போது 75, 80 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். பேட்டரியிலும் கொஞ்சம் கழியும், விலையும் தனி. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டில் கட்டப்பட்டு வருகிறது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் மாலை செலவழிக்கவிருந்த ஒரு யூனிட்டை மதியமே செலவழித்துவிட்டால், அதைச் சேமிக்கவும் வேண்டாம், கழிவும் இல்லை, அணையும் கட்ட வேண்டாம். அதைவிட மலிவான சேமிப்பு எதுவும் கிடையாது.

தெருமுனைக்கு வந்து பார்த்தால் விஷயம் இன்னும் நெருக்கமாகத் தெரியும். 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் 50 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். பகலில் வீட்டுக்கு 300 வாட் என்றால் மொத்தம் 15 கிலோவாட். ஆள் அரவமே இல்லாமல் அது தூங்கிக்கொண்டிருக்கும். மே மாத இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஏசி, விசிறி, விளக்கு என்று 2 கிலோவாட் போனால் 100 கிலோவாட். டிரான்ஸ்ஃபார்மர் தன் எல்லைக்கே வந்துவிட்டது. இன்னும் பத்து வீட்டில் அந்த நேரம் பார்த்து மோட்டார் போட்டால்? “லோடு தாங்கல சார், ஃபியூஸ் போயிடுச்சு” என்று லைன்மேன் கம்பத்தடியில் நின்று சொல்வது அதைத்தான். போகாவிட்டாலும் பாதிப்பு உண்டு. டிரான்ஸ்ஃபார்மருக்குள் செம்புச் சுருளைச் சுற்றியிருப்பது எண்ணெயில் ஊறிய காகிதம். அதன் வெப்பம் அளவுக்கு மேல் ஒவ்வொரு ஆறு, ஏழு டிகிரி கூடும்போதும் அந்தக் காகிதத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

கம்பியில் வீணாகும் மின்சாரத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பி சூடாகி வீணாவது நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒரே அளவு மின்சாரத்தை நாள் முழுக்கப் பரவலாக இழுத்தால் ஆகும் இழப்பு குறைவு. மாலை மூன்று மணி நேரத்தில் குவித்து இழுத்தால் ஆகும் இழப்பு பன்மடங்கு. லோ வோல்டேஜில் ட்யூப்லைட் மினுங்குவதும், ஸ்டெபிலைசர் ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொள்வதும் இந்தக் குவியலின் விளைவுதான்.

நேரம் பார்த்து மின்சாரம் செலவழிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2008 முதல் சில ஆண்டுகள் மின்வெட்டு இந்த மாநிலத்தின் அன்றாடமாக இருந்தது. சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேலும் போனது. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு கரண்ட் போகும் என்பது வீட்டில் இருக்கும் பெண்களுக்கு மனப்பாடம். “கரண்ட் போறதுக்குள்ள மாவை ஆட்டி வச்சிடு” என்ற குரல் கேட்காத வீடு கிடையாது. கிராமத்தில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வயலுக்குப் போனார் விவசாயி. அவர் செய்ததும் உச்சநேரத்தைத் தவிர்ப்பதுதான். அதற்கு விலையாகப் பாம்புக்கடியும் தூக்கமின்மையும் அவர் தலையில் விழுந்தன. ஊருக்கெல்லாம் மாலையில் வெளிச்சம் கிடைக்க அவரை இரவுக்குத் தள்ளி வைத்திருந்தோம் என்பதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. இன்றைக்கு மலிவான மின்சாரம் பகலுக்கு வந்துவிட்டதால், பாசன மோட்டாருக்குப் பகலிலேயே மின்சாரம் கொடுப்பது மின்வாரியத்துக்கும் லாபம், அவருக்கும் நிம்மதி. குஜராத் 2020-ல் விவசாயிகளுக்குப் பகல் மின்சாரம் தருவதற்கென்றே ‘கிசான் சூர்யோதய’ திட்டத்தைத் தொடங்கியது.

இதில்தான் இந்தக் கதையின் பெரிய திருப்பம் இருக்கிறது. அரை நூற்றாண்டாக உலகம் முழுக்க ‘நல்ல நேரம்’ என்றால் இரவு. அனல்மின் நிலையத்தையும் அணு உலையையும் இரவில் நிறுத்த முடியாது. அதனால் இரவு மின்சாரம் மிச்சம். பிரிட்டன் 1978-ல் இரவின் ஏழு மணி நேரத்துக்குத் தள்ளுபடி விலையில் ‘எகானமி 7’ திட்டம் கொண்டுவந்தது. ஃபிரான்ஸில் வெந்நீர்த் தொட்டிகள் நள்ளிரவில் தானாகச் சூடாகும்படி பழக்கினார்கள். தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்பு வாங்கும் ஆலைகளுக்கு உச்சநேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம், இரவு 10 முதல் அதிகாலை 5 வரை 5 சதவீதத் தள்ளுபடி என்பது இந்தப் பழைய பஞ்சாங்கம்தான்.

இப்போது பஞ்சாங்கம் மாறிவிட்டது. பக்கத்து மாநிலத்தைப் பார்த்தாலே போதும். கேரளத்தில் அதிகம் செலவழிக்கும் வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் பல ஆண்டுகளாக உண்டு. முன்பெல்லாம் பகலுக்குச் சாதாரண விலை, இரவு பத்து மணிக்கு மேல் தள்ளுபடி. 2025 தொடக்கத்திலிருந்து மாதம் 250 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு, காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் தள்ளுபடி. மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல். இரவுக்குச் சாதாரண விலை. தள்ளுபடி இரவிலிருந்து பகலுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஃபிரான்ஸும் 2025 நவம்பரிலிருந்து தன் மலிவு நேரத்தின் ஒரு பகுதியைப் பிற்பகலுக்கு நகர்த்தத் தொடங்கியிருக்கிறது. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தைக் கூரைத் தகடுகள் தலைகீழாக்கிவிட்டன.

மத்திய அரசு 2023 ஜூனில் மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, இதை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது. வெயில் நேரமான எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும். உச்சநேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம், தொழில் வணிகத்துக்கு 20 சதவீதம் கூட வேண்டும். பெரிய நுகர்வோருக்கு 2024 ஏப்ரல், விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் என்று தேதியும் குறித்தது. தேதி வந்து போய்விட்டது. நேரவாரியாகக் கணக்கு வைக்கும் ஸ்மார்ட் மீட்டர்தான் தமிழ்நாட்டுக்கு வந்து சேரவில்லை. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் முன்னோட்டமாகப் பொருத்தியதோடு சரி. மற்ற வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ஒரே ஓர் எண்ணைப் பார்த்துக் குறித்துவிட்டுப் போகிறார். மதியம் ஓடிய மோட்டாருக்கும் மாலை ஓடிய மோட்டாருக்கும் அந்த எண்ணில் வித்தியாசம் தெரியாது.

சரி, நேரவாரிக் கட்டணம் நாளை வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் எதைத் தள்ளிப் போடலாம்?

எல்லாவற்றையும் அல்ல. ஏழு மணிக்கு வேண்டிய விளக்கை மதியம் போட்டு என்ன பயன்? விளக்கின் பாரத்தைக் குறைக்க வேறு வழி இருந்தது. அதை நாடு செய்தும் முடித்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பின் இடத்தில் 9 வாட் எல்இடி வந்தது. 2015-ல் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தில் மட்டும் 36 கோடி எல்இடி பல்புகள் போயின. ஃப்ரிட்ஜையும் தொடக்கூடாது, அணைத்து அணைத்துப் போடுவதில் லாபமில்லை, சாப்பாடுதான் கெடும். இரவு சமையலையும் யாரும் பிற்பகல் மூன்று மணிக்குச் செய்துவிட மாட்டார்கள், செய்யச் சொல்லவும் கூடாது.

தள்ளிப் போடக்கூடியவை வேறு. அவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: வேலை நடக்கும் நேரமும் அதன் பலனை அனுபவிக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதல் இடம் தண்ணீர் மோட்டாருக்கு. ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுக்கும். சம்ப்பில் தண்ணீர் இருக்கும்போது, அதை மாடித் தொட்டிக்கு மதியம் ஏற்றினாலும் மாலை ஏற்றினாலும் குழாயில் வருவது அதே தண்ணீர்தான். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில்தான் மோட்டார் போட்டாக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கு மேல் வீட்டு இணைப்புகள். எல்லோரும் ஒரே நிமிடத்தில் மோட்டார் போடுவதில்லைதான். ஆனாலும் மாலை நேரத்தில் ஓடும் மோட்டார்களில் பத்து லட்சம் நகர்ந்தால் 1,000 மெகாவாட். 2024 மார்ச்சில் திறந்த வடசென்னை மூன்றாம் நிலை அனல்மின் நிலையத்தின் மொத்தத் திறனே 800 மெகாவாட்.

அடுத்தது கீசர். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 0.6 யூனிட் போதும். 2 கிலோவாட் கீசருக்கு அது பதினெட்டு நிமிட வேலை. ஆனால் காலை ஆறரை மணி முதல் எட்டரைக்குள் எல்லா வீட்டிலும் அந்தப் பதினெட்டு நிமிடம் வருவதால்தான் காலையில் இன்னொரு குட்டி உச்சம் எழுகிறது. நல்ல காப்புறை உள்ள கீசரில் ஐந்து மணிக்குச் சூடாக்கிய தண்ணீர் ஏழு மணிக்கும் சூடாகவே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் கழிவது மிகக் கொஞ்சம். வாஷிங் மெஷினில் தாமதித்துத் தொடங்கும் பொத்தான் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது தொடப்படாமலே இருக்கிறது. அயர்ன் பாக்ஸ் 1,000 வாட். கிரைண்டர் 150 வாட்தான் என்பதால் அதை மாலையில் ஓட்டினாலும் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மின்ஸ்கூட்டர் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் விருந்தாளி. முழுக்க சார்ஜ் செய்ய ஏறத்தாழ 3 யூனிட். ஆபீஸ் விட்டு வந்ததும் ஏழு மணிக்குப் பிளக்கில் சொருகுவதுதான் எல்லோருடைய வழக்கம். உச்சநேரத்துக்கு இதைவிடக் கெட்ட வழக்கம் வேறில்லை. அலுவலக நிறுத்துமிடத்தில் பகலிலேயே சார்ஜ் போட வசதி செய்து கொடுப்பது நிறுவனங்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம்.

பெரிய மீன் ஏசிதான். அதைத் தள்ளிப் போட முடியாது. புழுக்கம் நேரம் பார்த்துக் காத்திருக்காது. ஆனால் நம் ஊரில் இரவு ஏசிக்கு வேலை கொடுப்பது இரவின் வெப்பம் மட்டுமல்ல. காங்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்து, சில மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். மாலையில் வெளியே காற்று வந்தபின்பும் மேல்மாடி வீட்டின் உட்கூரையைத் தொட்டால் கொதிப்பது அதனால்தான். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சோ அடித்தால், ஏசியின் இரவு வேலை மதியமே குறைந்துவிடுகிறது. 2020 முதல் இந்தியாவில் நட்சத்திர முத்திரையோடு விற்கும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது விதி. ரிமோட்டை எடுத்து அதை 18-க்கு இறக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு.

இதனால் கையில் என்ன நிற்கும்? நாளொன்றுக்கு இரண்டரை யூனிட்டை உச்சநேரத்திலிருந்து வெயில் நேரத்துக்கு நகர்த்தும் வீட்டை எடுத்துக்கொள்வோம். சாதாரண விலை யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால், மத்திய விதிப்படி உச்சநேரத்தில் 6.60, வெயில் நேரத்தில் 4.80. வித்தியாசம் 1.80. இரண்டு மாதத்துக்கு 270 ரூபாய். வேண்டாம் என்று சொல்லும் தொகையல்ல. இதற்காக வாழ்க்கையைத் திருப்பிப் போடும் தொகையும் அல்ல. மாதம் ஐம்பது யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கோ இதில் எதுவுமே இல்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வாங்கும் அந்த வீட்டில் தள்ளிப் போட ஏசியும் இல்லை, கீசரும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மதியம் பன்னிரண்டு மணிக்கு மோட்டார் போட வீட்டில் யார் இருக்கிறார்கள்? இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் யாருமில்லை. ஒருவர் இருக்கும் வீட்டில், பெரும்பாலும் அது பெண். ‘பகலில் துவையுங்கள், பகலில் ஆட்டுங்கள்’ என்று விளம்பரம் செய்வது, அவருடைய வேலைப் பட்டியலில் இன்னொரு கட்டளையைச் சேர்ப்பதாகவே முடியும். மனிதர்களின் நேரத்தை நகர்த்துவது கடினம். எந்திரங்களின் நேரத்தை நகர்த்துவது எளிது. மோட்டாருக்கும் கீசருக்கும் டைமர் போட்டுவிட்டால் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நியூசிலாந்தில் மின்கம்பி வழியாகவே சமிக்ஞை அனுப்பி வீட்டு வெந்நீர்த் தொட்டிகளை நிறுத்தியும் ஓடவிட்டும் பல பத்தாண்டுகளாகச் சமாளிக்கிறார்கள். குளிப்பவருக்கு அது நடப்பதே தெரியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: எல்லா டைமரும் ஒரே மணிக்கு அடித்தால் அந்த நிமிடத்தில் புதிதாக ஓர் உச்சம் முளைக்கும். கொஞ்சம் முன்பின்னாகச் சிதறியிருக்க வேண்டும்.

கேட்டால் மக்கள் செய்வார்களா என்ற சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவில் கடும் வெப்ப அலை. தேவை 52,061 மெகாவாட் என்ற சாதனை உயரத்துக்குப் போனது. மின்வெட்டு தொடங்க வேண்டிய கட்டம். மாலை 5.45-க்கு லட்சக்கணக்கான கைபேசிகளுக்கு அவசரச் செய்தி போனது: தேவையில்லாததை இப்போதே அணையுங்கள். சில நிமிடங்களில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் தேவை குறைந்தது. அன்று மின்வெட்டு வரவில்லை. ஆனால் தினமும் மாலை கைபேசியை அலற வைத்து மின்தொகுப்பை நடத்த முடியாது. அவசரத்துக்கு வேண்டுகோள், அன்றாடத்துக்குக் கட்டணம் என்பதே சரி. நேரம் காட்டாத மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டு, மாலையில் சிக்கனமாக இருங்கள் என்று வாரியம் உபதேசம் செய்வதில் நியாயமில்லை. மீட்டரை முதலில் மாற்றட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாத இடம் ஒன்று உண்டு: அடுக்குமாடிக் குடியிருப்புகள். நூறு வீட்டு வளாகத்தில் சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூதிகள், நீச்சல் குளத்தின் வடிகட்டி எல்லாம் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு எலக்ட்ரீஷியன். பெரும்பாலும் பழக்கத்தின் பேரில். பல இடங்களில் பொதுப் பயன்பாட்டுக்குத் தனி இணைப்பும் கூரையில் சூரியத் தகடும் இருக்கின்றன. அடுத்த சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் சண்டை முடிந்தபிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி, மாடித் தொட்டியைக் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் நிரப்பச் சொல்லி ஒரு தீர்மானம் போடுங்கள். தொட்டி போதுமான அளவு பெரிதாக இருந்தால், மாலை ஆறிலிருந்து பத்து வரை மோட்டார் அறையைப் பூட்டியே வைக்கலாம்.